மணியடிக்காத பேருந்து

காலை ஏழே முக்காலுக்குத் தம்பானூரிலிருந்து பொன்முடி மலைக்குப் போகும் பேருந்து கிளம்பியது. சுமார் அறுபது கிலோமீட்டர் பயணம். நாகர்கோவிலிலிருந்து முந்தின நாளே வந்து, கரமனையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தோம். அண்ணனுக்கு ஜன்னலோரம், எனக்குப் பக்கத்து இருக்கை.

அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்தே அவன் காதுதான் அவனுக்கு எதிரி. குக்கர் விசில், மேளம், பேருந்து மணி எதையும் தாங்க மாட்டான்; காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவான். பொன்முடி மேகத்தைக் கையால் தொட வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. போன வருஷம் மணிச் சத்தம் தாங்காமல் வழியில் நெடுமங்காட்டிலேயே இறங்கித் திரும்பிவிட்டோம். இந்த முறையும் முடியாவிட்டால் இனி கேட்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

காதைப் பொத்தியிருந்தவனைக் கண்டக்டர் பெண் பார்த்தார். நான் முந்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அண்ணன் எது செய்தாலும், செய்யாவிட்டாலும், மன்னிப்புக் கேட்பது என் உத்தியோகம்.

“அதுக்கு எந்தினு சாரி, சேச்சி? பெல்லு வேண்டா. ஞான் டிரைவர்கிட்ட வாயால பறயாம்.”

மணிக் கயிற்றை இழுக்காமல் டிரைவரிடம் வாயாலேயே சொல்லிக்கொள்வதாக மலையாளத்தில் சொன்னவர், அப்படியே செய்தார். டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் “ஆளிறங்கணும்”, “போகாம்” என்றார். இறங்குகிறவர்கள் முன்கூட்டியே எழுந்து முன்னால் போனார்கள். வழியில் விதுராவில் வண்டி நின்று, பன்னிரண்டு ரூபாய்க்குத் தேநீர் குடித்தபோது அண்ணன் காதிலிருந்து கையை எடுத்திருந்தான்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. எங்களுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் கண்ணயர்ந்திருந்தார். தன் வீட்டைத் தாண்டி வண்டி போவது தெரிந்து பதறி விழித்தவர், தலைக்கு மேலிருந்த மணிக் கயிற்றை இழுத்துவிட்டார்.

அண்ணன் எழுந்துவிட்டான். “இறக்கி விடு, இறக்கி விடு!” வண்டி நின்றது. இறங்கிப்போய், வளைவின் தடுப்புச் சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“அய்யோ, கைப்பழக்கம் தாயி! தம்பிய இப்படிப் பண்ணிட்டேனே,” என்று அந்த அம்மா அழாத குறை.

அவ்வளவுதான், ஆசையில் மண் விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு, “நீங்க போங்க,” என்றேன்.

“இரிக்கு, சேச்சி. சேட்டன் மெல்ல வரட்டே,” என்று என்னை உட்காரச் சொன்னார் கண்டக்டர். டிரைவர் எஞ்சினை அணைத்தார். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை என்றால் அது பொய். பார்த்தார்கள், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

மேலிருந்து மேகம் இறங்கி வந்து அண்ணனை மூடியது. அவன் காதிலிருந்து கைகளை எடுத்து முன்னால் நீட்டினான். வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

“எல்லாரும் இறங்கி வாங்க. இங்க சத்தமே இல்ல.”

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள், “அண்ணன வீட்டுலயே விட்டுட்டு வா, அவனுக்குத்தான் கஷ்டம்,” என்று என்னிடம் அன்பாகவே சொல்லிவிட்டுப் போவார்கள். யாருமே வா என்று கூப்பிடாத என் அண்ணன், அன்று ஒரு பேருந்தையே வா என்று கூப்பிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலில் இறங்கியவர் அந்தத் தோட்டத்து அம்மாதான். அண்ணன் சற்று நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தான்.