இரண்டு என்று எழுதிய இரண்டு பானைகள்

ஈப்போவுக்கு வெளியே, மூடப்பட்ட ரப்பர் தோட்டத்தின் இடுகாட்டில் வீடுகள் கட்டப்போவதால், அங்கிருந்த எலும்புகளைத் தோண்டிப் பானைகளில் இட்டு உறவினர்களிடம் கொடுத்தார்கள். பெரியப்பாவின் பானைக்காகப் போனபோதுதான் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்ட பிறகே எதையும் தொடுவார்.

கல்லறைக் கற்களில் பழைய தமிழ் எண்களைச் செதுக்கியிருந்தார்கள். அந்த முறையில் பூஜ்யம் கிடையாது. பத்துக்குத் தனிக் குறி உண்டு. அந்தக் குறியை அடுத்து இரண்டு வந்தால் பன்னிரண்டு. ஓட்டுநரின் தாயாருடைய கல்லில் இருந்த எண் அதுதான். ஆனால் பன்னிரண்டு என்று எழுதிய பானை அங்கே இல்லை. இரண்டு என்று எழுதிய பானைகள் இரண்டு இருந்தன.

"முன்னாடி இருந்தத சைபர்னு நெனச்சி, பானையில ரெண்டுன்னு எழுதிட்டேன்லா அண்ணே," என்றார் தோண்டும் வேலையின் மேற்பார்வையாளர்.

"கல்லு எங்க?"

"லோரியில ஏத்திட்டாங்க. இந்நேரம் ஒடச்சிருப்பாங்க."

"அப்ப இதுல எங்கம்மா எது?"

ஓட்டுநர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. எலும்பப் பாத்தா தெரியுமா?"

"தெரியாதுண்ணே," என்றேன்.

இன்னொரு பானையைக் கேட்டு யாரும் வரவில்லை. இரண்டையும் அவரே லூமுட் கடலுக்கு எடுத்துச் சென்றார். நானும் உடன் போனேன். முதல் பானையைக் கவிழ்க்கும்போது "அம்மா" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். இரண்டாவதைக் கவிழ்த்தபோது வாயே திறக்கவில்லை.