நாலாம் மாடிக்குப் போன கல்

2016 ஜூன், சனிக்கிழமை காலை 9 மணி. விமான நிலையத்திலிருந்து பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்கு டிக்கெட் பத்து யூரோ. அங்கிருந்து அண்ணன் வீடு இருக்கும் லா சப்பல் நடக்கிற தூரம்தான். ஆனால் என் பெட்டிக்குள் பதினோரு கிலோவுக்குக் கோயம்புத்தூர் கிரைண்டர் இருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம், நாலாம் மாடி. என் அண்ணன் மனைவி மலர் அண்ணி யாழ்ப்பாணத்துக்காரர். பெட்டியைத் திறந்ததும் என்னை விட்டுவிட்டுக் கல்லைத்தான் தடவினார். உடனே முகம் வாடிவிட்டது.

"மச்சாள், இதை இஞ்சை போடேலாது. மிக்ஸி போட்டாலே கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியாலை, உங்கடை விளக்குமாறுதான், எங்கடை தரைக்குக் கீழை முகட்டிலை இடிக்கும். வீட்டுச் சொந்தக்காரரும் ஒரு கடிதம் போட்டிட்டார். இன்னொரு முறைப்பாடு போனா வீட்டை விடவேண்டி வரும்."

ஞாயிறு காலை 11 மணி. எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. இத்தனை தூரம் சுமந்து வந்தது அலமாரியில் வைக்கவா? போர்வையை நாலாக மடித்து அடியில் வைத்து, உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். அரை மணியில் கதவு தட்டப்பட்டது. அண்ணி வெளிறிப்போனார்.

வாசலில் இடுப்பில் கை வைத்தபடி கீழ்வீட்டு ஃபாத்து, செனகல்காரர். என்னை விலக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனார். பொங்கி நின்ற மாவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். அண்ணியின் கண் விரிந்தது.

"மச்சாள், இது பயறும் அரைக்குமோ எண்டு கேக்கிறா!"

அவர்கள் ஊரில் அக்கரா என்று ஒரு பலகாரம். தட்டைப்பயறு வடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் அரைத்தால் அழுத்தமாகிவிடுகிறதாம்.

மதியம் 2 மணிக்கு ஊறிய பயறோடு வந்தார். மூவரும் உள்ளங்கையில் தேய்த்துத் தோலை மிதக்கவிட்டோம். அதற்கே ஒரு மணி நேரம். அரைக்கும்போது தண்ணீரைத் தெளிக்க மட்டுமே விட்டார். உப்பு கடைசியில்தான், நம் வீட்டிலும் அப்படித்தானே. கறிவேப்பிலையை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். எண்ணெய் காய்ந்ததும் பழக்கதோஷத்தில் நாலைந்துக்குக் கட்டைவிரலால் ஓட்டை போட்டுவிட்டேன். "நடுவிலை ஆர் திண்டது எண்டு கேக்கிறா," என்று அண்ணி சிரித்தார். பிறகு ஃபாத்து கரண்டியால் உருண்டையாக விடக் காட்டித் தந்தார். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. தக்காளி வெங்காயக் காரத்தைத் தொட்டுத் தின்றபோது, என் மெதுவடைமேல் எனக்கிருந்த கர்வம் கொஞ்சம் இறங்கியது உண்மை.

அடுத்த ஞாயிறு, காலை 11 மணி. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அன்று யாரும் மாவரைக்கவில்லை. பெட்டியைத் தூக்குகிறேன், காலடியில் டொக் டொக் என்று இடி.

"நாம ஒண்ணும் போடலீங்களே அண்ணி?"

"அதுக்குத்தான் இடிக்கிறா. இன்னும் ஏன் போடேல்லை எண்டு."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் சுவிட்சைத் தட்டினேன்.