அந்தக் குரலுக்கு ஒரு துணை தேடி அடையாறு வரை

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூலைச் சனிக்கிழமை. எனக்கு இருபத்திரண்டு வயது. மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். மூர் மார்க்கெட்டில் பழைய ரெகார்டு ஒன்று வாங்கியிருந்தேன். அட்டையும் நடுவில் ஒட்டிய லேபிளும் கிழிந்து பாடகியின் பெயர்கூடத் தெரியாது. வார்த்தையே இல்லாமல் மூச்சு, விக்கல், முனகல், திடீரென்று ஒரு கூச்சல் என்று பாடுவாள். வீட்டில் யாருக்கும் பொறுக்கவில்லை. எனக்கோ அதுபோல இன்னொன்று வேண்டும். பெயர் தெரியாததால் ரெகார்டையே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மதியம் 2.10க்கு மயிலாப்பூர் கோயில் குளத்தங்கரையில் பஸ். தி. நகர் நாலு கிலோமீட்டர், டிக்கெட் இருபது பைசா. (சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் நம் வம்சத்தையே விசாரிப்பார்.) பனகல் பார்க் அருகே ரெகார்டு கடை வைத்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. ஒரு நிமிஷம் போட்டுக் கேட்டார். "ரெகார்டுல முள்ளு மாட்டிக்கிட்ட மாதிரில்லா இருக்கு," என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முழுப் பக்கமும் போடச் சொன்னேன். மறுத்துவிட்டார். ஆனால் அடையாறில் ஒரு இன்ஜினீயர் சனிக்கிழமைதோறும் வெளிநாட்டு ரெகார்டு போடுவார், யாரும் போகலாம் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அடையாறு இன்னும் ஆறு கிலோமீட்டர், முப்பது பைசா. "இன்னாமா பையில, தோசக் கல்லா?" என்றார் இந்த பஸ் கண்டக்டர். நாலு மணிக்கு இறங்கினேன்.

அந்த வீட்டு ஹாலில் ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜினீயர் மரியாதையாகத்தான் வரவேற்றார். என் ரெகார்டைப் போட்ட இரண்டாவது நிமிஷமே முள்ளைத் தூக்கிவிட்டார். "இது பாட்டே இல்லை. யாரோ உடம்பு சரியில்லாம கத்தறா," என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

எனக்குக் காது சுட்டது. எழுந்து போய், யாரையும் கேட்காமல், முள்ளை மறுபடி முதலிலிருந்து வைத்தேன். "பிடிக்காதவங்க வராந்தாவுல உட்காரலாம். இது பதினெட்டு நிமிஷம்." அடுத்தவர் வீட்டில் அப்படிச் சொன்னது தப்புத்தான். இன்றைக்கும் அதற்கு நான் வருத்தப்படவில்லை. இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

காபி கொண்டுவந்த இன்ஜினீயரின் மனைவி தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். பக்கம் முடிந்ததும் உள்ளே போய், புடவை பீரோவிலிருந்து ஒரு ரெகார்டை எடுத்து வந்தார்.

"நீங்க ஒருநாள் கேட்டுட்டு ஒதுக்கிப் போட்டேளே, அது," என்றார் கணவரிடம். "நீங்க ஆபீஸ் போனப்புறம் நான் தினம் போட்டுண்டு கேக்கறேன்."

அவரே முள்ளை வைத்தார். வேறொரு பாடகி. ஒரே தொண்டையில் இரண்டு குரல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்ஜினீயர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அம்மாள் கூட்டினார்.

அதன்பின் நாலு வருஷம், மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். நாங்கள் இருவரும் தேடித் தேடி இப்படிப் பதினோரு பாடகிகளைக் கண்டுபிடித்தோம். இன்ஜினீயர் அந்த நேரத்தில் கடற்கரைக்கு நடக்கப் போய்விடுவார்.

பழைய ரெகார்டு தேடி அலையப் போகிறவர்களுக்கு: வெயில் படும் ஜன்னலோரம் ரெகார்டை வைக்காதீர்கள், வளைந்துவிடும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குப் போனால், ரெகார்டு வாங்கியவரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். அதைக் கேட்கிறவர் சமையலறையில் இருக்கலாம்.