ஈயக்குட்டையின் குறுக்கே போன பாதை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், அதற்கு எடை எவ்வளவு என்று கேட்டு வாயை அடைக்கிற ஆள். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் ஏதோ இருக்கிறது என்று பாதிப் பேர் படியேறிப் போன காலத்தில், தனியாக அதே லிஃப்டில் ஏறி இறங்கியவள். அதனால் இதைக் கேட்டுவிட்டு வெயில், பதற்றம், மனப்பிரமை என்று எனக்கு விளக்கம் சொல்ல வராதீர்கள். அந்த விளக்கங்களையெல்லாம் உங்களுக்கு முன்னால் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

என் நாத்தனார் சாந்தியும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிறோம். இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இந்த வயதில் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு ரோட்டில் போவது குடும்பத்துக்கு அழகா என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பழைய ஈயச் சுரங்கங்கள் இருந்த இடங்களாகத் தேடிப் போவதுதான் எங்கள் பைத்தியம். அம்பாங், சுங்கை பெசி, பூச்சோங் என்று ஒவ்வொன்றாகச் சுற்றினோம். ஏரிக்கரை வீடு என்று இன்று விளம்பரம் போட்டு விற்கிறார்களே, அந்த ஏரிகளில் பாதி ஈயத்துக்காகத் தோண்டிய குழிதான். தோண்டியவன் போய்விட்டான், குழியில் மழை நிரம்பியது, வேறொன்றுமில்லை.

அன்று டெங்கில் பக்கம் போனோம். சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், செம்பனைத் தோட்டத்து ஓரமாக இறக்கி, செம்மண் பாதையில் ஓட்டினோம். நல்ல வெயில். இருட்டு, மழை, ஆந்தை எதுவும் கிடையாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டம் முடிந்ததும் வெள்ளை மணல்மேடும் லாலான் புல்லும் வந்தன, அதற்கப்பால் பச்சை நிறத்தில் ஒரு பெரிய குட்டை. எதிர்க்கரையில் பெரிய ரோடு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போவது தீப்பெட்டி நகர்கிற மாதிரி தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காத தூரம்.

சாந்தி தன் சைக்கிளை ஒரு புதரில் சாய்த்தாள். உள்ளே குளவிக்கூடு இருந்திருக்கிறது. அவள் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் கொட்டிவிட்டது. முதலில் சிரித்தாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் அவள் உதடு வீங்க ஆரம்பித்தது. உதட்டிலிருந்து கண்ணுக்கு ஏறியது.

"அண்ணி, தொண்டை அடைக்குது," என்றாள். பேச்சோடு ஒரு விசில் சத்தமும் வந்தது.

போனில் லைன் இல்லை. மணல்மேட்டில் ஏறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒருமுறை எடுத்தார்கள், இடத்தைச் சொல்வதற்குள் அறுந்துவிட்டது. வந்த வழியே காருக்குப் போகலாம், ஆனால் அது வெகுதூரம். திரும்பி வருவதற்குள் இவள் மூச்சு நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரே லோரிகள் போய்க்கொண்டிருக்கின்றன, நடுவில் தண்ணீர். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். லாலான் புல்லுக்கு நடுவே ஒரு பழைய கறுப்பு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காக்கி அரைக்கால்சட்டை, தலையில் துண்டு. மீன் பிடிக்க வந்தவர் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர்கள் இந்தக் குட்டைகளில் எப்போதும் இருப்பார்கள்.

"அண்ணே, அந்த ரோட்டுக்குப் போகணும், ரொம்ப அவசரம், குறுக்கு வழி ஏதும் இருக்கா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த சாந்தியைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

"பின்னாலயே வா. காலை மட்டும் ஊனிடாதே."

சாந்தியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அவளைத் தனியாக விட்டுப் போனது சரியா என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு வரப்பு போனது. நம்பினால் நம்புங்கள், குட்டைக்குள்ளேயே நேராகப் போனது. வெள்ளை மணல், ஒரு சைக்கிள் போகிற அகலம், இரண்டு பக்கமும் தண்ணீர் அதே மட்டத்தில். மணலில் சக்கரம் புதையும் என்று பயந்தேன், ஆனால் சிமெண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. கொளுத்துகிற வெயிலில் முழங்காலுக்குக் கீழே மட்டும் ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி குளிர்ந்தது. அவர் முதுகை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. பாதி வழியில் ஹேண்டில் ஆடி, என் வலது கால் தானாகப் பெடலை விட்டு இறங்கியது.

"ஊனாதே," என்றார் அவர், திரும்பாமலே.

காலை இழுத்துக்கொண்டேன்.

கரை வந்தது, மேடு வந்தது, ஏறினால் ரோடு. ஓரத்தில் ஒரு லோரி நின்றது, டிரைவர் குலைகளின் மேல் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தமிழ்ப் பையன், ரவி என்று பிறகு தெரிந்துகொண்டேன். முப்பது வயதிருக்கும். நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே, "ஏறுங்கக்கா, தோட்டத்து வழி எனக்குத் தெரியும்," என்றார். என் சைக்கிளையும் லோரியில் தூக்கிப் போட்டார். வழிகாட்டிய ஆளுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன், காணோம். வேறு பக்கம் போய்விட்டார் என்று நினைத்தேன். நினைக்க வேறென்ன இருக்கிறது.

லோரி சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சாந்தியின் முகம் அடையாளம் தெரியவில்லை, ஆனால் மூச்சு இருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கி முன்சீட்டில் போட்டோம். கிளினிக்கில் உடனே ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீக்கம் வற்றி வாய் திறந்ததும் சாந்தி கேட்ட முதல் கேள்வி, "அண்ணி, தண்ணி மேல எப்படிப் போனீங்க?"

மயக்கத்தில் உளறுகிறாள் என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே என் கணவரோடு சாந்தியின் சைக்கிளையும் எங்கள் காரையும் எடுக்கப் போனேன். மணல்மேடு இருந்தது, லாலான் இருந்தது, வரப்பு இல்லை. என் கணவர் ஒரு நீள மூங்கிலை எடுத்துக் கரையிலிருந்து விட்டுப் பார்த்தார். அடி தட்டவில்லை. மூங்கிலை அங்கேயே போட்டுவிட்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

என் கைக்கடிகாரம் போகிற பாதையைப் படமாகக் குறித்துவைக்கும். அதில் கோடு குட்டைக்குக் குறுக்கே நேராகப் போகிறது. ஜி.பி.எஸ். சில சமயம் தாவும் டீச்சர் என்றார் பள்ளியில் ஒருவர். தாவினால் எப்படி இருக்கும் என்று நான்தானே பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறேன். கோணல்மாணலாக இருக்கும். இது அப்படி இல்லை.

சாந்தியின் கணவர் பிடித்துக்கொண்டார். குட்டைக்கரையில் பூசை போடவேண்டும், சைக்கிளைத் தலைமுழுகவேண்டும், பொம்பளைகள் போகிற இடமா அது என்று ஒரே பேச்சு. நான் கேட்டேன், "உங்க பொண்டாட்டியைக் கொன்னது குளவி, காப்பாத்தினது சைக்கிள். எதை நிறுத்தணும்?" கொன்னது என்று சொல்லியிருக்கக்கூடாது, வாயில் வந்துவிட்டது. சாந்திதான் முடிவு சொன்னாள். "அடுத்த மாசம் போறோம் அண்ணி. அதே இடம்."

போனோம். ஊசி மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு போனோம். கரையில் நின்று, "இருக்கிறவங்க இருந்துக்குங்க, நாங்க வந்துக்கிட்டேதான் இருப்போம்," என்று நான் உரக்கவே சொன்னேன். பயந்தவள் இப்படிச் சொல்வாளா? தண்ணீர் சும்மா கிடந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் ஏதோ ஒரு நல்ல மனுஷன், ஏதோ ஒரு பாதை என்று நானும் விட்டிருப்பேன். அன்று திரும்புகிற வழியில், ரவிக்கு நன்றி சொல்ல டெங்கிலில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சந்தித்தோம். சாந்தி கை கழுவ எழுந்து போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு உங்களோட வந்தவங்க எல்லாம் எப்படி வீட்டுக்குப் போனாங்க?"

"யாரு? முன்னால போனாரே, கறுப்பு சைக்கிள்ல, அவரா?"

"முன்னால யாரும் இல்லக்கா. உங்களுக்குப் பின்னால. பொம்பளைங்க, வரிசையா நடந்து வந்தாங்களே லா. தலையில வட்டமா மரத்தட்டு மாதிரி வச்சிக்கிட்டு. நீங்க மேட்டுல ஏறினீங்க, அவங்க தண்ணி ஓரத்திலேயே நின்னுட்டாங்க. நாம லோரியை எடுக்கிற வரைக்கும் நின்னாங்க."

ஈயமண்ணைத் தண்ணீரில் அலசிப் பிரிக்க அந்தக் காலத்துப் பெண்கள் வைத்திருந்த தட்டு அது. படங்களில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ரவிக்கு அது என்னவென்று தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

சாந்தி வந்து உட்கார்ந்தாள். நான் இன்னொரு டீ, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக், சொன்னேன். டெங்கிலுக்கு இப்போதும் போகிறோம், ரவியையும் பார்க்கிறோம், சிரித்துப் பேசுகிறோம். எத்தனை பேர் நின்றார்கள் என்று மட்டும் நான் அவரிடம் இன்றுவரை கேட்கவில்லை.