அவசரம் உண்டானால் வாருங்கோ

சுந்தரம் போய்விட்டார் என்று எனக்கு எழுதியவர் முதலமடை கந்தசாமி. கார்டு வண்டிப்பெரியாருக்கு வந்து சேர ஐந்து நாளாகிவிட்டது. ஒலவக்கோடு ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில், வேலை நேரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். 'சுடுகாடு வரைக்கும் நானும் கூடப் போனேனுங்க' என்று முடித்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. சாவிலும் இந்தக் கந்தசாமிக்குத்தான் முதல் இடமா என்று தோன்றியது. நான் கம்பவுண்டராக இருக்கிற தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நின்றவர்களை அப்படியே நிற்கவைத்துவிட்டு அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் வாசக வட்டத்தின் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இனிமேல் சேருகிறவர்களும் இந்த நோட்டைப் புரட்டுவார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன். வாரப் பத்திரிகைகளில் வாசகர் கடிதம் எழுதுகிறவர்களின் ஊரைப் பார்த்து, பாலக்காட்டுப் பக்கமும் இடுக்கி மலையிலும் இருக்கிற தமிழ்க்காரர்களாகத் தேடிப் பிடித்து, ஆளுக்கொரு கார்டு போட்டவர் சுந்தரம். ஏழு பேர் சேர்ந்தோம். மூன்று புத்தகம், ஒரு தடித்த நோட்டு, சாக்குத்துணியில் தைத்த ஒரு கட்டு. சுந்தரம் இருக்கிற கல்பாத்தியில் கிளம்பி முதலமடை கந்தசாமியிடம் போகும். மறையூர், மூணாறு என்று ஏறி இறங்கிக் கடைசியாக என்னிடம் வரும். என்னிடமிருந்து திரும்பவும் சுந்தரத்திடம். ஒருவர் பத்து நாள் வைத்திருக்கலாம். படித்ததைப் பற்றி நோட்டில் எழுதாமல் கட்டை அனுப்பக்கூடாது.

பேசுகிறபடியே எழுதுகிறவர் அவர். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது: 'நன்னாயிருக்குன்னு மட்டும் எழுதப்படாது. அது பாயசத்துக்குப் போறும், புஸ்தகத்துக்குப் போறாது. ஏன்னு எழுதணும்.' நானும் எழுதினேன். இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் முதலில் எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்தி, பிறகு நோட்டில் நல்ல கையெழுத்தில். கடைசி ஆள் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கட்டைப் பிரித்ததும் அவர் கண்ணில் முதலில் படுவது என் எழுத்துதானே என்று நினைத்துக்கொள்வேன்.

கந்தசாமி எழுதியது நாலு வரி இருக்கும். மாந்தோப்புக்காரர். காய் பறிக்கிற நாட்களில் மாங்காய்ப் பால் பட்ட கையோடு நோட்டைத் தொட்டுவிட்டு, 'கறை ஆயிப்போச்சுங்க, மன்னிக்கோணும்' என்று எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் சுந்தரம் எழுதியது இது: 'கறை இருக்கட்டும். அந்தப் பக்கத்தை மோந்து பார்த்தேன். நாக்குல ஜலம் ஊறித்து.' அதற்குக் கந்தசாமி ஒரு பதில், அந்தப் பதிலுக்கு இவர் ஒரு கேலி. ஒரு பக்கம் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கங்களில் டிங்சர் வாசனை அடித்திருக்கும். அதை அவர் மோந்து பார்த்ததாக எங்கேயும் எழுதவில்லை.

நண்பர்களே, அந்த மாங்காய்ப் பக்கங்கள் இரண்டும் ஒரு சுற்றில் சுருங்கி வந்தன என்று உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பாட்டிலில் சீட்டு ஒட்டுகிற பசையால் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி அனுப்பியவன் நான். வேண்டுமென்றே செய்தேன். சுந்தரம் ஆவி காட்டிப் பிரித்ததில்தான் அவை சுருங்கின. கீழே சுந்தரத்தின் கையெழுத்து: 'இவிடே பசை சிந்தியிருக்கு. வண்டிப்பெரியார்க்காரருக்குக் கை நடுக்கம் உண்டோ? ஒடம்பைப் பார்த்துக்கணும் கேட்டேளா.' புரிந்துகொண்டு எழுதினாரா, புரியாமல் எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. என் உடம்பைப் பற்றிக் கேட்டுவிட்டாரே என்று உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

அவரை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிடித்தது. கல்பாத்தித் தேருக்கு வரட்டுமா என்று தனிக் கடிதம் போட்டேன். பதில் கார்டில் வந்தது. 'அவசரம் உண்டானால் வாருங்கோ' என்று ஒரே வரி. மிச்ச இடமெல்லாம் சாக்குத்துணியை எப்படித் தைத்தால் புத்தக முனை மடங்காது என்று எழுதியிருந்தார். நாட்டில் அவசரநிலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. பேப்பரைத் திறந்தால் அந்த வார்த்தைதான். தலை போகிற காரியம் இருந்தால் வா, இல்லாவிட்டால் அங்கேயே இரு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு என்ன அவசரம்? ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அவசரம் என்று யாராவது எழுதுவார்களா? நான் போகவில்லை. அந்த வருஷம் நோட்டில் கந்தசாமி எழுதியிருந்தார்: 'தேருக்கு ஐயர் ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. ரெண்டு நாள் தங்கிப் பேசிப்போட்டு வந்தேன்.' அதைப் படித்த அன்று மருந்து அளக்கிற கிளாஸை உடைத்தேன். கை தவறி என்று டாக்டரிடம் சொன்னேன்.

அதற்கப்புறமும் இரண்டு தேர் வந்து போயிற்று. வரட்டுமா என்று நான் மறுபடி கேட்கவில்லை. நோட்டில் மட்டும் நீளமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

கந்தசாமியின் கார்டு கிடைத்த மறுநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிக் கல்பாத்தி போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிருந்தது. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தவர் விரல்களில் மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த தழும்புகள் இருந்தன. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஊரைச் சொன்னதும் சுந்தரத்தின் மனைவி என் முகத்தையே பார்த்தார்.

"வண்டிப்பெரியாரா? இப்பத்தான் ஒங்களுக்கு அவசரம் கிட்டித்தா?"

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "என்ன அவசரம்மா? எனக்கு வெளங்கலயே."

"ஒவ்வொரு தேருக்கும் வாசல்லே போய் நிப்பார். வண்டிப்பெரியாருக்கு இந்த வருஷமாவது அவசரம் கிட்டித்தோ என்னமோன்னு எங்கிட்டக் கேப்பார். லீவு கெடைக்கலையாக்கும்னு அவரே சொல்லிப்பார். ஒங்களுக்குன்னு ஒரு எலை கூடுதலா நறுக்கச் சொல்வார்."

பாயில் இருந்த கந்தசாமிதான் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் அப்படித்தானுங்க எழுதுனாரு. இங்கத்தப் பேச்சுல அவசரம்னா சமயம் வாய்க்கறதுங்க. சமயம் கெடைச்சா வாங்கன்னு கூப்புட்டிருக்காரு. நீங்க வேற என்னன்னு நெனச்சீங்க?"

மலையாளம் எனக்கும் தெரியும். தினமும் அதில்தான் பாதி நோயாளிகளிடம் பேசுகிறேன். மலையாளத்தில் யாராவது அவசரம் என்று சொல்லியிருந்தால் சந்தர்ப்பம் என்று உடனே புரிந்துகொண்டிருப்பேன். தமிழ் எழுத்தில் எழுதியதைத் தமிழாகப் படித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்து, தமிழைத் தானாகக் கற்றுக்கொண்டவர் அவர் என்று தெரிந்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை. பொறாமைக்காரனுக்கு ஒரு வார்த்தையின் கெட்ட அர்த்தம்தான் முதலில் கிடைக்கிறது. கந்தசாமிக்கு நல்லது கிடைத்தது, போனார், இரண்டு நாள் பேசினார். அன்றைக்கு அவரிடம் நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

சுந்தரம் கடைசியாக அனுப்பிய கட்டு மலையெல்லாம் சுற்றிவிட்டு நேற்று என்னிடம் வந்தது. அவர் தைத்த தையல் அப்படியே இருக்கிறது. அவருடைய கார்டுகள் முப்பத்தெட்டு என்னிடம் உண்டு. அவர் 'ழ'வுக்குக் கால் போடுகிற விதம், 'கேட்டேளா' என்று முடிக்கிற பழக்கம், புத்தகத்தில் பிடித்த இடத்தில் வைக்கிற சின்னச் சிவப்புப் புள்ளி, எல்லாம் எனக்கு மனப்பாடம். என்னிடம் மிஞ்சியது இதுதான். எழுத்தாக அவரை என்னைவிட யாருக்கும் தெரியாது என்று இப்போதும் வீம்பாகச் சொல்வேன்.

இத்தனை நாள் இதை முடித்ததும் கல்பாத்தி விலாசம் எழுதுவேன். இனி என்னிடமிருந்து கட்டு நேரே முதலமடைக்குத்தான் போக வேண்டும். கந்தசாமி, நமக்கு நடுவில் இருந்தவர் இல்லை. உங்கள் மேல் எனக்கு இன்னும் பொறாமை போகவில்லை, போனதாக எழுதினால் பொய். இருந்தாலும் உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்? அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் வழக்கம்போல் நாலு வரியில் முடித்துவிடாதீர்கள். அவர் குரல் எப்படி இருக்கும்? கனத்த குரலா, மெல்லியதா? சிரித்தால் சத்தம் வருமா? நிதானமாக எழுதி அனுப்புங்கள். நான் அந்தக் குரலை ஒருநாளும் கேட்டதில்லை.