வெயில் இருந்தது, கரண்ட் இல்லை

போன ஆடி மாதம், இலஞ்சியில் எங்கள் தெருவில் நடந்தது இது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்டியிருந்தோம். கோடையில் கரண்ட் பில் மளமளவென்று இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களையெல்லாம் மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் துபாயில் இருக்கிறார். ஆறு வயது மகளுக்குச் சாரல் காலம் வந்தால் மூச்சிரைப்பு வரும். மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் வீட்டிலேயே உண்டு. காற்றுக் காலத்தில் பகலில்தான் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் அந்தப் பெண் இன்வெர்ட்டர் வாங்க நினைத்தார். தடுத்தது நான்தான். கோடை முழுக்கப் பகலில் கரண்ட் போகாததைச் சோலாரின் புண்ணியம் என்று நம்பியிருந்தேன்.

“எதுக்கும்மா வீணா? பகல்ல எங்க வீட்டுல கரண்டே போகாது. பிள்ளையத் தூக்கிட்டு ஓடி வந்திரு” என்றேன்.

ஒருநாள் காலை பேய்க்காற்று. தெருமுனையில் மரம் சாய்ந்து கரண்ட் கம்பி அறுந்தது, பாதையும் அடைபட்டது. சற்று நேரத்தில் மேகம் விலகி வெயில்கூட வந்துவிட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் மகளையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“அண்ணே, பிள்ளைக்கு மூச்சு இழுக்குது!”

சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. வேறு அறையில் மாட்டினேன். அங்கும் இல்லை. பேனல் மாட்டியவருக்குப் பதறிப் போய் போன் செய்தேன்.

“லைன்ல கரண்ட் போனா உங்க சோலாரும் நின்னுரும் சார். உங்க கரண்ட் லைனுக்குப் போய், கம்பத்துல ஏறுத ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுல்லா? மாட்டும்போதே சொன்னேனே” என்றார்.

சொல்லியிருப்பார். அன்று நான் பேனல் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா குழிந்து எழுந்தது. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தெருவில் சலூன் வைத்திருப்பவரிடம் பழைய இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. “இன்னும் பேட்டரிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கீரே” என்று அவரை நான் கிண்டல் செய்ததுண்டு. வேறு வழியில்லாமல் அங்கே ஓடினோம். பாதிச் சவரத்தில் இருந்தவர் முகத்தில் நுரையோடு சட்டென்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். சலூன்காரர் விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்தார்.

“பழைய பேட்டரி அண்ணாச்சி. மிஷின் மட்டும் ஓடட்டும்.”

மங்கலான கடைக்குள் எல்லோரும் மெஷின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றோம். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. நுரை முகத்தைப் பார்த்துக் குழந்தை சிரித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் அந்தப் பெண் இன்வெர்ட்டர் வாங்கப் புறப்பட்டபோது என்னையும் கூப்பிட்டார். “எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா” என்றேன்.

“தெரியாட்டி என்னண்ணே, கடைக்காரர் சொல்லுததை ரெண்டு பேருமாக் கேட்டுட்டு வருவோம்” என்றார்.

சோலாரை இன்றும் எல்லோரிடமும் மெச்சித்தான் பேசுகிறேன், அது எப்போது கைவிடும் என்பதையும் சேர்த்து. ஆனால் அவ்வளவுக்குப் பிறகும் என்னைத் துணைக்கு அழைத்த அந்த மனதுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.