தம்பிராசா அங்கிளின் சனிக்கிழமை

ஸ்டீல்ஸ் வீதியில் மேற்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு களஞ்சியசாலை. ‘இண்டைக்கு வேலைக்குப் போதுமான ஆள் இருக்கு, நாளைக்கு வந்து பாரும்’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழியில் ஒரு தீயணைப்பு நிலையத்தின் முன்னால் கொடி அரைக்கம்பத்தில் நின்றது. யார் செத்தது என்று தெரியவில்லை. காற்றில் கயிற்றுக் கொளுக்கி இரும்புக் கம்பத்தில் மோதி ‘டிங், டிங்’ என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குத் தக்காளி சூப்பின் மணம் வரும். சம்பந்தமில்லைதான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவனுடைய மூளை, சாமான்களை அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறது.

அந்தச் சூப்பு ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்துச் சூப்பு. அதற்கு முன் கோப்பை கழுவினேன், கம்பளம் விரித்தேன், காளான் பண்ணையில் நின்று இருமல் வாங்கிக்கொண்டேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் நிலைத்ததாகச் சரித்திரமில்லை. இந்த இல்லத்தில் மட்டும் நிலக்கீழ்த் தளத்தில் ஓர் அறையும் தந்தார்கள். மின்குமிழ் மாற்றுவது, பனி அள்ளுவது, குழாய் பூட்டுவது, இவற்றோடு கொடி ஏற்றுவதும் என் வேலை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாராவது இறந்தால், மறுநாள் காலையிலிருந்து பொழுதுபடும்வரை கொடி அரைக்கம்பத்தில் நிற்கும். வாசல் மேசையில் ஒரு சின்ன மட்டையில் பெயரை எழுதி வைப்பார்கள். அவ்வளவுதான். ஒரு சாவுக்கு ஒரு நாள்.

முதல் தடவை நான் பிழை விட்டேன். அரைக்கம்பம்தானே என்று பாதி ஏற்றிக் கட்டிவிட்டேன். முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகுதான் மெதுவாக இறக்க வேண்டுமாம். மேல்மாடியில் இருந்த பழைய பட்டாளத்துக்காரர், தொண்ணூறு வயதுக்காரர், யன்னலைத் திறந்து இங்கிலீசில் ஏசினார். கீழே சக்கர நாற்காலியில் இருந்த தம்பிராசா அங்கிள் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“தம்பி, ஏத்தேக்க நீர் களைச்சுப்போனீர் எண்டு நினைச்சன்.”

தம்பிராசா அங்கிள்தான் அந்த இல்லத்து முதியவர்களில் ஒரே தமிழர். ஊரில் ரயில் கார்ட். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டுகிறவர். மனைவி இல்லை, ஒரே மகன் ஒஸ்ரேலியாவில். அவருடைய யன்னல் கொடிக்கம்பத்தைப் பார்த்திருந்தது. எந்தக் காலை எவருக்காகக் கொடி இறங்குகிறது என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“ஆயுள் முழுக்க மற்றவைக்குக் கொடி காட்டினனான். எனக்கெண்டு ஒரு நாள் இறங்கட்டும், பாப்பம். நீர்தான் இறக்கோணும், விளங்கிச்சுதோ? கோணல் மாணலா இறக்கினீரோ, எழும்பி வந்து ஏசுவன்.”

“உங்களை விட நான் முந்திப் போனால்?”

“உமக்கு ஆர் இறக்கிறது? நீர் ஸ்ராஃப்.”

இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். சாவைப்பற்றிப் பேச அந்த வீட்டில் யாரும் பயப்படவில்லை.

பிரித்தானிய மகாராணி இறந்த செய்தி வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு கிழவிகள் அழுதார்கள். சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. உதவி மேலாளர் அபி என்னிடம் ஓடிவந்தாள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை, கெட்டிக்காரி.

“அங்கிள், ஃப்ளாக்! இப்பவே இறக்கோணும்.”

நான் ஒழுங்காகத்தான் இறக்கினேன். திரும்பி வந்தபோது தம்பிராசா அங்கிள் ஒருவர் மட்டும்தான் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“உவவின்ர தேப்பன் சாகேக்க எனக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்தில வெயில்ல நிப்பாட்டி வைச்சவங்கள். பிறகு உவவுக்கு முடிசூட்டேக்க ஆளுக்கொரு சீனிப் பணிஸ் தின்னத் தந்தவங்கள். தேப்பன்ர சாவுக்கு வெயில், மகளின்ர முடிக்குப் பணிஸ்.”

“இனி மகன்தானே ராசா?”

“இனியோ? அவ கண்மூடின அந்த நிமிசமே அவன் ராசா. சிம்மாசனம் வெறுமையா இருக்கப்படாதாம். எங்கட ஆக்களெண்டால் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியுமட்டுமாவது காணி உறுதியைத் தேடாமல் இருப்பினம்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம், யன்னலோரம் இருந்தபடியே அவர் இறந்துபோனார். தேத்தண்ணி கொண்டுபோன பெண்தான் கண்டாள். மகனுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவனுடைய ஊரில் அப்போது விடிந்திருக்கவில்லை. வண்டி வந்து கொண்டுபோனது. அபி மட்டையில் பெயரை இரண்டு தடவை எழுதினாள். முதலாவதில் எழுத்துப் பிழை.

எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், நாளைக்குக் கொடியை மேல வரைக்கும் ஏத்தோணும். புதுக் கிங்கை அறிவிக்கினம். அந்த ஒரு நாள் மட்டும் ஃபுல்லா நிக்கோணுமாம். ஹெட் ஒஃபிசில இருந்து ஈமெயில் வந்திருக்கு. ஞாயிறு திருப்பி இறக்கலாம்.”

“நாளைக்குத் தம்பிராசா அங்கிளின்ர நாளெல்லோ?”

“ஞாயிறு இறக்கேக்க அவருக்கும் சேர்த்து எண்டு வைப்பமே?”

“அது ராணிக்கு இறக்கிறது.”

“ஐ நோ, அங்கிள்.” மட்டையை வாசல் மேசையில் நிமிர்த்தி வைத்தாள். “எல்லாம் முடிய வேற ஒரு நாள் தாங்கோ எண்டும் ஹெட் ஒஃபிசிட்டக் கேட்டுப் பாத்தன். பழைய சாவுக்கு இறக்கேலாதாம்.”

பத்து நாள் துக்கத்தில் கொடி உயரவேண்டிய ஒரே நாள் அந்தச் சனிக்கிழமை. அவர் அதைக் கணக்குப் பார்த்தவர் போல அதற்கு முதல்நாள் போய்ச் சேர்ந்தார்.

காலையில் சொன்னபடி உச்சிவரை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன். பத்து மணியளவில் எல்லோரும் தொலைக்காட்சியின் முன் கூடினார்கள். ஒட்டாவாவில் யாரோ நீளமான அறிவிப்பு ஒன்றை வாசித்தார்கள். பீரங்கிகள் வெடித்தன. எழும்பி நிற்கக்கூடியவர்கள் எழும்பி நின்றார்கள். நான் வாசல் மேசையைக் கடந்து போகையில் அந்த மட்டை கண்ணில் பட்டது. எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். வெளியே போய்க் கயிற்றை அவிழ்த்தேன். பெரிய கோபம் ஒன்றும் இல்லை. அங்கிள் சொன்ன வேலை ஒன்று மிச்சம் கிடந்தது, அவ்வளவுதான். கோணாமல் இறக்கிக் கட்டினேன்.

அபி வந்தாள்.

“அங்கிள், என்ன செய்யிறீங்கள்? வேலை போயிடும்.”

“தெரியும் பிள்ளை.”

அவள் மேலே பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். “ஆரும் கேட்டால், எனக்கு உது கட்டத் தெரியாது எண்டு சொல்லுறன். கனநேரம் விடாதேங்கோ,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொடி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படி நின்றது. பிறகு பட்டாளத்துக்காரர் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, ஊன்றி நடக்கும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி இறங்கி வந்தார். ஏசவில்லை. யாருக்கு என்று கேட்டார். மட்டையைக் காட்டினேன். ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். பெயர் அவருடைய வாயில் நிற்கவில்லை. “இன்றைக்கு இல்லை” என்று இங்கிலீசில் சொல்லிவிட்டுக் கயிற்றில் கை வைத்தார். தள்ளுவண்டியை விட்டு இரண்டு கையாலும் பிடிக்க அவரால் முடியவில்லை. கயிறு நழுவினால் கொடி நிலத்தில் விழும். அதனால் நானும் சேர்ந்து பிடித்து உச்சிவரை இழுத்தேன். தம்பிராசா அங்கிளின் நாளை முடித்து வைத்ததில் என் கையும் உண்டு.

பின்னேரம் வேலை நீக்கக் கடிதம் தந்தார்கள். அறையையும் விடச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது ஒரு பைதான். மில்லிக்கனில் தெரிந்த ஒருவருடைய வீட்டு நிலக்கீழ் அறையில் அன்றிரவு படுத்தேன்.

பிறகு ஒருநாள் அபி தொலைபேசியில் சொன்னாள்: அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டார்களாம். அரசாங்கம் சொன்னால் மட்டும் கொடி இறங்கும். மட்டையும் இல்லை. ஒருவருக்கு ஒரு நாள் எடுத்துக் கொடுக்கப் போய், அங்கே இருந்த எல்லோருடைய நாளையும் இல்லாமல் செய்துவிட்டேன். அடுத்த மாரியிலேயே பட்டாளத்துக்காரரும் இறந்துவிட்டார். அவருக்கும் கொடி இறங்கவில்லை. அபியும் இப்போது அங்கே இல்லை. தம்பிராசா அங்கிளின் மகன் வந்து சாம்பலை வாங்கினானா என்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

கடிதம் தந்த மறுநாள் காலையே எனக்கு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, சாமத்திய வீட்டு மண்டபம் ஒன்றுக்கு அலங்காரச் சாமான் ஏற்றும் வேலை. பொன் நிறம் பூசி, சிவப்பு வெல்வெட் தைத்த பெரிய கதிரை. பெரியவளான பெண் பிள்ளையை மகாராணி மாதிரி இருத்துவதற்கு. வான் வண்டியின் சொந்தக்காரர் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“முந்தின வேலையை ஏன் விட்டனீர்?”

“ஒரு செத்தவீட்டுப் பிரச்சினை, அண்ணை.”

அவர் கதிரையைக் கீழே வைத்தார்.

“ஆர் செத்தது? உமக்குச் சொந்தமோ? செத்தவீட்டுத் துடக்கெண்டால் உதைத் தொடாதையும். நல்ல காரியத்துச் சாமான், சனம் அறிஞ்சால் எனக்குப் பிறகு ஓடர் வராது.”

“இல்லை அண்ணை,” என்றேன். “சொந்தமில்லை. தெரிஞ்ச ஒராள்.”

அவர் தன் பக்கத்தைத் தூக்கினார். நானும் என் பக்கத்தைத் தூக்கினேன்.